பெரிவிங்கிள் கடல் நத்தைகளை வகைப்படுத்தும்போது நடக்கும் தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படிப்பவர்கள் களப்பயணத்துக்கு மாமல்லபுரமோ பிச்சாவரமோ போனால், பாட்டிலில் சில பெரிவிங்கிள் நத்தைகளாவது (லிட்டோரினிடே குடும்பத்துக் கரையோர நத்தைகள்) வந்து சேரும். ஆய்வகத்தில் அதன்மேல் ஒட்டும் சீட்டில் பெரும்பாலும் 'லிட்டோரினா லிட்டோரியா' என்றே எழுதப்படுகிறது. பாடநூல் படமும் இணையத்தில் முதலில் வரும் படமும் அதுதான். ஆனால் அது ஐரோப்பா, வட அமெரிக்கக் கிழக்குக் கரை ஆகிய இடங்களின் நத்தை. லிட்டோரினா பேரினமே வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் வாழ்வது. வங்கக் கடலில் அதற்கு இடமில்லை.

நம் கரையில் தேட வேண்டிய பேரினங்கள் இரண்டு: எக்கினோலிட்டோரினா, லிட்டோரேரியா. அலைத்துளி மட்டும் தெறிக்கும் உயரத்தில், பாறை வெடிப்புகளில் ஒட்டியிருக்கும் சிறிய நத்தையின் ஓட்டில் வரிசையாக முடிச்சுகள் இருந்தால் எக்கினோலிட்டோரினா மலக்கானாவை முதலில் சந்தேகியுங்கள். அலையாத்தி மரங்களின் தண்டிலும் இலையிலும் இருப்பவை பெரும்பாலும் லிட்டோரேரியா. ஆனால் 'பாறை என்றால் ஒன்று, மரம் என்றால் மற்றொன்று' என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கக் கூடாது. லிட்டோரேரியா உண்டுலேட்டா பாறையில்தான் வாழ்கிறது.

பெயர் எழுதுமுன் குடும்பம் சரியா என்று பாருங்கள். ஓட்டின் வாய்க்குள் முத்துப் பளபளப்பு தெரிந்தால் அது லிட்டோரினிடே அல்ல, டிரோக்கஸ் என்ற வேறு கடல் நத்தையின் கூட்டத்தைச் சேர்ந்தது. மணலில் கும்பலாகக் கிடைக்கும் பொத்தான் வடிவ அம்போனியம் இப்படித்தான் அடிக்கடி உள்ளே நுழைந்துவிடுகிறது. ஓப்பர்குலம், அதாவது ஓட்டின் வாயை அடைக்கும் மூடி, சுண்ணாம்புக் கல்போல் கெட்டியாக இருந்தால் டர்போ அல்லது நெரிட்டா என்ற வேறு நத்தைகள். பெரிவிங்கிளுக்கு அது மெல்லிய, பழுப்பான, கொம்புப் பொருளாலான தகடு. சுற்றுகளும் சில மட்டுமே. இந்த மூன்றும் அல்ல என்று இன்னும் உறுதி வேண்டுமென்றால் ராடுலாவை, அதாவது பல் வரிசைகள் கொண்ட நாக்குப் பட்டையை, எடுங்கள். வாய்ப்பகுதித் தசையை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இட்டு மெதுவாகச் சூடாக்கினால் தசை கரைந்து ராடுலா மட்டும் மிஞ்சும். ஒரு வரிசைக்கு 7 பற்கள் இருக்க வேண்டும். டிரோக்கஸ் கூட்டத்தில் அதைவிட மிக அதிகம். இந்த 7 பல் அமைப்பு குடும்பத்தை உறுதிப்படுத்தாது, டிரோக்கஸ், டர்போ, நெரிட்டா கூட்டங்களை விலக்க மட்டுமே உதவும். நம் ஏரிகளில் கிடைக்கும் பைலா என்ற நன்னீர் நத்தைக்கும் அதே அமைப்புதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஓட்டை மட்டும் வைத்துச் சிற்றினம் சொல்வது. ஐரோப்பாவின் லிட்டோரினா சாக்ஸட்டிலிஸ் 1792இல் ஒலிவி பெயரிட்ட நத்தை. நண்டுகள் இருக்கும் பாறைக்கற்களில் அதன் ஓடு பெரிதாக, தடித்து, வாய் சிறுத்திருக்கும்; அலை மோதும் பாறைச்சரிவில் ஓடு சிறிதாக, மெலிந்து, வாய் அகன்றிருக்கும். நிறமும் இடத்துக்கு இடம் வேறு. விளைவு, ஒரே சிற்றினத்துக்கு நூறு முறைக்கு மேல் புதுப்பெயர் சூட்டினார்கள். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. அலையாத்திக் காட்டு நத்தைகள் பலவற்றை 'லிட்டோரினா ஸ்கேப்ரா' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். 1986இல் நத்தை ஆய்வாளர் டேவிட் ரீட் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகளை ஒப்பிட்டுப் பல சிற்றினங்களாகப் பிரித்துக் காட்டினார். அங்கே முக்கியமான அடையாளம் ஆணின் இணைவுறுப்பு வடிவம். தலையின் வலப்புறம், உணர்கொம்புக்குப் பின்னால் அது இருக்கும். ஒட்டுண்ணிப் புழு தாக்கிய ஆணில் அது சுருங்கிப் போவதுண்டு என்பதால் ஒரே ஒரு மாதிரியை நம்ப வேண்டாம். ஓரிடத்தில் 10 முதல் 15 உயிருள்ள நத்தைகள் போதும். பிச்சாவரத்தில் வனத்துறை அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது.

இந்த இணைவுறுப்பைப் பார்க்க விடாமல் கெடுப்பது நாமே. உயிருள்ள நத்தையை நேரே சாராயத்தில் (எத்தனாலில்) போட்டால் உடலை உள்ளிழுத்து ஓப்பர்குலத்தால் அடைத்துக்கொள்ளும். சாராயம் உள்ளே போகாமல் உடல் அழுகும். பிறகு அறுத்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரு லிட்டர் சாதாரண நீரில் சுமார் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடைக் கரைத்து, அதே அளவு கடல்நீரைச் சேர்த்து, அதில் நத்தையைச் சில மணி நேரம் விடுங்கள். குத்தினாலும் சுருங்காத நிலை வந்தபின் 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றலாம். டிஎன்ஏ ஆய்வுக்கு என்றால் 95 சதவீதம். ஃபார்மலின் வேண்டாம். அதன் அமிலத்தன்மை ஓட்டை அரிக்கும், டிஎன்ஏவையும் கெடுக்கும். ஓட்டை உடைக்குமுன் வாய்ப்புறம், முதுகுப்புறம் இரண்டையும் அளவுகோலோடு படமெடுங்கள். உடைத்தபின் வருந்திப் பயனில்லை.

கரையில் கிடக்கும் வெற்று ஓடு, துறவி நண்டு சுமந்து வந்த ஓடு இரண்டையும் வாழிடச் சான்றாகக் குறிக்காதீர்கள்.

இனி பெயர்ப் பட்டியல். பழைய இந்தியப் பட்டியல்களில் எக்கினோலிட்டோரினா மலக்கானா, நோடிலிட்டோரினா என்ற பேரினத்தில் இருக்கும். 2003இல் வந்த டிஎன்ஏ ஆய்வு அந்தப் பேரினம் பல கிளைகளின் கலவை என்று காட்டியது. இப்போது அதில் மிஞ்சியிருப்பது ஆஸ்திரேலியாவின் ஒரே சிற்றினம். நத்தை வகைப்பாட்டில் இருந்த 'புரோசோபிராங்கியா', 'மீசோகாஸ்ட்ரோபோடா' என்ற பழைய பிரிவுகளும் வழக்கொழிந்தவை. இன்றைய வகைப்பாட்டில் துணைவகுப்பு சீனோகாஸ்ட்ரோபோடா, வரிசை லிட்டோரினிமார்ஃபா, குடும்பம் லிட்டோரினிடே. மீசோகாஸ்ட்ரோபோடாவில் பைலாவும் இருந்ததால் அதுவும் பெரிவிங்கிளும் நெருங்கிய உறவு என்று எழுதுகிறார்கள். பைலா வேறு கிளை. தேர்வில் பாடத்திட்டம் கேட்டபடி எழுதுங்கள், சீட்டில் மட்டும் வேர்ம்ஸ் என்ற உலகக் கடலுயிரிப் பெயர்ப் பதிவேட்டில் சரிபார்த்து எழுதுங்கள். பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், சிற்றினம் முதலில் வைத்த பேரினத்திலிருந்து மாற்றப்பட்டது என்று பொருள். அலங்காரமாக நினைத்து அதைச் சேர்ப்பதும் எடுப்பதும் கூடாது.

சீட்டைத் தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள்: இடம், தேதி, நீர்மட்டத்திலிருந்து உயரம், ஒட்டியிருந்தது பாறையா, தண்டா, இலையா. மூடியில் எழுதினால் மூடி மாறும். வேலூர் வெயிலில் மூடி சற்றுத் தளர்ந்தாலும் சாராயம் ஆவியாகிவிடும். கோடைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை பாட்டில்களைப் பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள்.