மே தினத்துக்கு லீவு இல்லாத நாட்டில் பிள்ளையின் வரலாற்றுப் பாடம்

அமெரிக்கா வந்து இறங்கியதும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர், வங்கிக் கணக்கு, லைசென்ஸ் என்று ஓடுவீர்கள். அதற்கெல்லாம் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிள்ளையின் வரலாற்றுப் பாடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில், மே 1 இங்கே வேலை நாள். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ல் சிகாகோவில் நடந்த போராட்டம், ஹேமார்க்கெட்டில் வெடித்த குண்டு, மறு ஆண்டு தூக்கிலிடப்பட்ட நான்கு பேர், இதுதான் மே தினத்தின் மூலம். சிங்காரவேலர் 1923-லேயே சென்னைக் கடற்கரையில் அதைக் கொண்டாடிவிட்டார். நடந்த நாட்டிலோ தொழிலாளர் தினம் என்பது செப்டம்பர் முதல் திங்கள், பலருக்கு அது மெத்தைத் தள்ளுபடியும் பார்பெக்யூவும்தான்.

பள்ளியில் சொல்லித் தருவார்கள் என்று விட்டுவிடாதீர்கள். பாடத்தை இங்கே மத்திய அரசு வகுப்பதில்லை, மாநிலமும் பள்ளி மாவட்டமும்தான் வகுக்கின்றன. இல்லினாய் 2021-ல் ஆசிய அமெரிக்கர் வரலாற்றைக் கட்டாயமாக்கியது, மறு ஆண்டு நியூ ஜெர்சியும். அதே 2021-ல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் வகுப்பில் இனப் பிரச்சினையை எப்படிப் பேசலாம் என்பதற்குக் கடிவாளம் போட்டன. 1921-ல் டல்சா நகரில் கறுப்பர்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியைச் சுட்டெரித்த கொடுமை நடந்தது அதே ஓக்லஹோமாவில்தான்.

"நமக்கெதுக்குங்க அவங்க சண்டை?" என்று வார இறுதி விருந்துகளில் நம் ஆட்கள் கேட்பார்கள், எனக்கு எரிச்சல் வரும். 1907 செப்டம்பர் 4 அன்று, தொழிலாளர் தினம் முடிந்த இரண்டாம் நாள், வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் மர அறுவை ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்களை, பெரும்பாலும் சீக்கியர்கள், வெள்ளைத் தொழிலாளர் கும்பல் அடித்து விரட்டியது. சில நாட்களில் ஊரில் ஓர் இந்தியர்கூட மிஞ்சவில்லை. குறைந்த கூலிக்கு வந்து எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. ஹெச்1பி வேலை விசா வைத்திருப்பவர்களுக்கு இது கேட்ட குரலாக இருக்குமே! 1885-ல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றவர்களும் சுரங்கத் தொழிலாளர்கள்தான். தொழிலாளர் வரலாற்றைத் தனியாகவும் இனவெறி வரலாற்றைத் தனியாகவும் படித்தால் இந்த முடிச்சு பிடிபடாது.

சரி, என்ன செய்யலாம்? பள்ளி திறந்ததும் பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்க நடக்கும் 'பேக் டு ஸ்கூல் நைட்'டுக்குப் போய், கணக்கு வாத்தியாரை மட்டும் சூழ்ந்து நிற்காமல் சோஷியல் ஸ்டடீஸ் ஆசிரியரிடம் இந்த வருடம் என்னென்ன பாடம் என்று கேளுங்கள். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம், பல ஊர்களில் அவர்களே பயந்துபோய் இருக்கிறார்கள். பள்ளி வாரியக் கூட்டங்கள் எல்லோருக்கும் பொது. குடியுரிமை இல்லாவிட்டாலும் அந்த வட்டாரத்தில் குடியிருந்தால் பொதுவாகப் பேச விடுவார்கள், இரண்டு மூன்று நிமிடம்தான், எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், லீவில் எப்போதும் நயாகராவா? ஒருமுறை டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகருக்குப் போங்கள். 1968-ல் குப்பை லாரியில் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்ததும், அங்கே கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் 'நான் மனிதன்' என்ற அட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணையாக வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அவர் தங்கியிருந்த லொரெய்ன் மோட்டல் இப்போது அருங்காட்சியகம், உள்ளே ஒரு குப்பை லாரியையே நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூரில் துப்புரவு வேலையை யார் செய்கிறார்கள் என்று பிள்ளை அங்கேயே கேட்கும், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.