வண்டி வராத செவ்வாய்க்கிழமை: கருவி வண்டிக்காரரிடம் கணக்கு வைத்துக்கொள்வது எப்படி

நட்டை முடுக்கவும் கழற்றவும் பயன்படும் பல்சக்கரக் கைப்பிடியான அரை அங்குல ராட்செட் ஒன்றை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை கருவி வண்டிக்காரரிடம், அதாவது பட்டறை வாசலுக்கே வண்டியில் வந்து கருவி விற்பவரிடம் கொடுத்தேன். உள்ளே பல் வழுக்கியது. ஆயுள் உத்தரவாதம் உள்ள கருவி. “அடுத்த வாரம் புதிதாகவே கொண்டுவந்து தருகிறேன்” என்று வாங்கி, வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் வண்டி வரவில்லை. அதற்கடுத்த வாரம் வண்டி வந்தது, ராட்செட் வரவில்லை. ஏழாவது வாரம், அவர் தொழிலையே விட்டுவிட்டார் என்று பக்கத்தில் வேலை செய்பவர் சொன்னார். ஒரு மாதம் கழித்து அதே பெயர் பொறித்த வண்டியில் வேறொருவர் வந்து இறங்கினார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, நான் 340 டாலர் பாக்கி என்றார். அதில் 180 டாலரை ரொக்கமாக ஏற்கெனவே கட்டியிருந்தேன். ரசீது இல்லை. ராட்செட்டைக் கொடுத்ததற்கும் எந்தச் சீட்டும் இல்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள். எழுதாமல் கட்டிய பணத்துக்கும் அதே கதிதான்.

பதினெட்டு ஆண்டுகளாக அமெரிக்காவில் கார் பழுதுபார்க்கிறேன். இங்கே பெரும்பாலான பட்டறைகளில் மெக்கானிக் தன் கைக்கருவிகளைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். லிப்ட், கம்ப்ரசர் போன்ற பெரிய சாமான்கள்தான் முதலாளியுடையவை. வேலை நேரத்தில் கடைக்குப் போக முடியாது என்பதால், வாரம் ஒருமுறை வாசலுக்கே வந்து நிற்கும் வண்டி பெரிய வசதி. நல்ல வண்டிக்காரர் அமைந்தால் தெய்வம் போல. அமையாதவர்களைச் சமாளிப்பதற்கு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர் வேறு, அதை ஓட்டிவரும் ஆள் வேறு. இதுதான் அடிப்படை. கார்ன்வெல் 1919-லும், ஸ்நாப்-ஆன் 1920-லும், மேக் டூல்ஸ் 1938-லும் தொடங்கியவை. மேட்கோவையும் சேர்த்தால் இந்த நான்கும்தான் வண்டி வியாபாரத்தின் பெரிய பெயர்கள். நூறாண்டுப் பெயரைப் பார்த்ததும் நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் வாசலில் நிற்பவர் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சம்பள ஊழியர் அல்ல, உரிமம் எடுத்து நடத்தும் சிறு வியாபாரி. சரக்கைத் தன் சொந்தப் பணத்தில் வாங்குகிறார். வண்டிக் கடன், டீசல், காப்பீடு எல்லாம் அவர் தலையில். இரண்டு மோசமான மாதங்கள் வந்தால், உத்தரவாத வேலைக்காக வாரம் பத்து நிமிடம் செலவழிப்பது அவருக்கு வீண் என்று தோன்ற ஆரம்பிக்கும். வாங்காத பட்டறைகளைத் தாண்டிப் போவார், பிறகு வாங்கும் பட்டறைகளையும் தாண்டிப் போவார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கடன் வாங்கிவிட்டு வேலை மாறிக் காணாமல் போகும் மெக்கானிக்குகளால் அவரும் நொந்து போயிருப்பார். ஆனால் அவருடைய நெருக்கடிக்கு என் ராட்செட் பொறுப்பாகாது.

இதிலிருந்து வருவதுதான் இரண்டு கடன்களின் கதை. புதிதாக வேலைக்கு வரும் பையன்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. முதலாவது வண்டிக் கணக்கு. சில நூறு டாலர் சாமானை வாய்ப்பேச்சில் எடுத்துக்கொண்டு வாரா வாரம் இருபதோ நாற்பதோ கட்டுவது. வழக்கமாக வட்டி கிடையாது. அது வண்டிக்காரரின் சொந்தப் பணம். இரண்டாவது, டூல் பாக்ஸ், காரின் கணினியிலிருந்து கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் போன்ற பெரிய சாமானுக்கு நிறுவனத்தின் நிதிப் பிரிவோடு கையெழுத்துப் போட்டு எடுக்கும் கடன். அதற்கு வட்டி உண்டு, ஒப்பந்தம் உண்டு, கட்டத் தவறினால் உங்கள் கடன் வரலாற்றில் கறையும் உண்டு. வண்டிக்காரர் ஓடிப்போனாலும் இந்த இரண்டாவது கடன் ஓடாது. “அவர் வரவில்லை, அதனால் நானும் கட்டவில்லை” என்று மூன்று மாதம் சும்மா இருந்த ஒருவர், பிறகு கார் வாங்கப் போன இடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தவணையை வண்டிக்காரர் கையில் கொடுக்காமல், நிறுவனத்தின் கணக்கில் நேரடியாகக் கட்டும் ஏற்பாட்டை முதல் நாளே செய்துகொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன், வாரத் தவணை எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஆண்டு வட்டி என்ன, மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன் என்று கேளுங்கள். “வாரம் ஐம்பதுதானே” என்ற பேச்சில் விழுந்து, தான் ஓட்டும் காரை விட விலை கூடிய டூல் பாக்ஸுக்கு ஐந்து ஆண்டு கட்டுபவர்கள் எத்தனையோ பேர்.

வண்டிக் கணக்குக்கு என்னிடம் இருப்பது சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு. தேதி, எடுத்த சாமான், விலை, கட்டியது, மீதி என்று ஐந்து கட்டங்கள். பணம் கொடுத்ததும் மீதித் தொகையை எழுதி அவர் முன்னால் நீட்டுவேன். அவர் தன் கணினியில் பார்த்துத் தலையாட்ட வேண்டும், சுருக்கமாக ஒரு கையெழுத்தும் போட வேண்டும். முதல் தடவை முகம் சுளிப்பார். மூன்றாம் தடவை தானே பேனாவை எடுப்பார். அச்சடித்த ரசீது தந்தால் அங்கேயே போனில் படம் எடுத்துவிடுங்கள். வெப்பத் தாளில் அடித்த எழுத்து டூல் பாக்ஸ் இழுப்பறையில் ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும். ரொக்கம் கொடுப்பதை விட்டுவிடுவது நல்லது. அட்டையில் கட்டினால் வங்கிப் பதிவு இருக்கும். ஆனால் “அட்டை எண்ணை வைத்துக்கொள்கிறேன், வாரா வாரம் நானே எடுத்துக்கொள்கிறேன்” என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

புதிய பட்டறையில் சேர்ந்ததும் ஒரு மாதத்துக்கு வண்டியில் பெரிதாக எதுவும் வாங்காதீர்கள். வேடிக்கை பாருங்கள். சொன்ன நாளில், ஏறத்தாழ சொன்ன நேரத்தில் வருகிறாரா? விற்க வரும்போது இருக்கும் சிரிப்பு, உடைந்த ஸ்க்ரூடிரைவரை நீட்டும்போதும் இருக்கிறதா? அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. அவரிடம் வாங்காத, வேறொருவர் மூலம் வந்த பழைய சாக்கெட் (ராட்செட்டின் முனையில் மாட்டும் நட்டுக் குமிழ்) உடைந்ததைக் காட்டிப் பாருங்கள். முணுமுணுத்தாலும் மாற்றித் தருபவர் நீடிப்பார். “இதை யாரிடம் வாங்கினீர்கள்?” என்று விசாரணை நடத்துபவரிடம் நான் கணக்கே தொடங்குவதில்லை.

உத்தரவாதத்துக்குக் கருவியைக் கொடுக்கும்போதுதான் ஏமாற்றம் அதிகம். கருவியை, அதன் மாடல் எண் தெரியும்படி, அவர் கையில் இருக்கும்போதே படம் எடுங்கள். உடனே அவருக்கு ஒரு குறுஞ்செய்தி: “இன்று இந்த மாடல் ராட்செட்டை உத்தரவாத மாற்றத்துக்குக் கொடுத்தேன். அடுத்த செவ்வாய் தருவதாகச் சொன்னீர்கள்.” அவ்வளவுதான். அவர் “சரி” என்று ஒரு சொல் பதில் போட்டால் அது ரசீதுக்குச் சமம். வேலைக்குத் தினமும் வேண்டிய கருவி என்றால் மாற்றுக் கருவியைக் கையில் வாங்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ராட்செட்டைப் பொறுத்தவரை நான் இப்போது கொடுப்பதே இல்லை. மாற்று உள்பாகங்கள் அடங்கிய பழுதுபார்ப்புப் பெட்டியைக் கேட்டு வாங்கி நானே மாற்றிவிடுகிறேன். பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது. உத்தரவாதத்தில் இருந்தால் நல்ல வண்டிக்காரர் காசில்லாமல் கொடுப்பார். வேலை பத்து நிமிடம். தலையின் பின்பக்கம் சிறு திருகுகள் இருக்கும், அல்லது சர்க்லிப் என்ற வளையக் கவ்வி ஒன்று இருக்கும். அதைக் கழற்றுவதற்கு முன் ராட்செட் தலையை ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு, கைகளையும் பைக்குள் நுழைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் தூக்கியதும் அரிசி மணி அளவு ஸ்பிரிங்கும் ஒரு குட்டி எஃகுக் குண்டும் துள்ளும். பை இல்லையென்றால் அவை லிப்டுக்கு அடியில் எங்கோ போய்விடும். நானே ஒரு மதியம் முழுவதும் காந்தக் கோலோடு தரையில் தவழ்ந்திருக்கிறேன். பல்சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வழுக்கும் ராட்செட்டில் அதைக் கவ்விப் பிடிக்கும் துண்டின் முனைகள் மழுங்கி, ஈய நிறத்தில் பளபளக்கும். பழைய பசையைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் ஒரு பூச்சு மட்டும். கிரீஸை அப்பினால் துண்டு ஒட்டிக்கொண்டு மறுபடி வழுக்கும்.

நட்டை எவ்வளவு விசையில் முடுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச் வேறு சாதி. அது உடைந்தால் மட்டும் பழுதாவதில்லை, உடையாமலே பொய் சொல்லும். அதனால் அதன் அளவை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். வேறு நடைமுறை வகுத்துக்கொள்ளாதவர்களுக்கு ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரநிலை சொல்லும் கணக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 தடவை பயன்படுத்திய பிறகு, எது முந்துகிறதோ அது. அளவு சரிபார்ப்பதற்கு வண்டியில் அனுப்பினால் எப்போது திரும்பும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அளவுச் சோதனைக்கூடத்துக்கு நீங்களே தபாலில் அனுப்பி, சான்றிதழோடு வாங்குங்கள். காசு கொஞ்சம் ஆகும். ஆனால் சக்கரம் கழன்று விழுந்தால் கேட்கப்போவது உங்களைத்தான், வண்டிக்காரரை அல்ல.

ஸ்கேனர் வாங்கினால், பெட்டியைப் பிரித்த அன்றே வரிசை எண்ணை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நீங்களே செய்யுங்கள். மென்பொருள் புதுப்பிப்புக்கு ஆண்டுதோறும் கட்டணம் எவ்வளவு என்பதையும் வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள்.

வராத வண்டிக்காரரை என்ன செய்வது? தொலைபேசியில் கத்துவதால் பயனில்லை, செய்து பார்த்துவிட்டேன். முதலில் ஒரு குறுஞ்செய்தி, ஒரு தேதி குறிப்பிட்டு. தேதி தாண்டினால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். கருவியின் உத்தரவாதம் பொதுவாக நிறுவனத்தின் பெயரில் வருவது, அதனால் உங்கள் பட்டறை இருக்கும் வண்டித் தடத்தில் வண்டி இல்லை என்றால் கருவியை நேரடியாக அனுப்ப வழி கேளுங்கள். கூடவே அந்தப் பகுதி வண்டிக்காரர்களைக் கவனிக்கும் மேலாளர் யார், அவரோடு எப்படிப் பேசுவது என்று கேளுங்கள். அவரிடம் புகாராகப் பாடாமல், படங்களையும் செய்திகளையும் வரிசையாக அனுப்பி “இந்த ராட்செட் எங்கே?” என்று ஒரே கேள்வி கேளுங்கள். பக்கத்துத் தடத்தில் ஓடும் அதே நிறுவனத்தின் வண்டிக்காரரைப் பிடிப்பது இன்னொரு வழி. வேறொருவரின் பட்டறைக்குள் வந்து விற்க அவர் தயங்குவார். ஆனால் நீங்கள் அவர் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

இதைவிடப் பெரிய ஆயுதம் உங்கள் முதலாளியிடம் இருக்கிறது. வண்டி நிற்பது அவருடைய இடம். எங்கள் பட்டறையில் ஆறு பேரின் கருவிகள் ஒரே ஆளிடம் சிக்கியிருந்தபோது, ஆறு பேரின் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி முதலாளியிடம் கொடுத்தோம். அடுத்த முறை வண்டி வந்ததும் அவர் வெளியே போய், “இந்தத் தாளில் உள்ளது எல்லாம் வந்த பிறகு கதவைத் திறங்கள்” என்று மட்டும் சொன்னார். இரண்டே வாரத்தில் ஐந்து பேருக்கு வந்துவிட்டது. ஆறாவது ஆளுக்கு வராததற்கு அவருடைய பழைய பாக்கி காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சட்டம் காப்பாற்றும் என்று நினைத்து அவசரமாக வாங்காதீர்கள். வாசலில் வந்து விற்றதை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற அமெரிக்க மத்திய விதி ஒன்று உண்டு. ஆனால் அது சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருட்களுக்கானது. தொழிலுக்கு வாங்கிய கருவிக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று வண்டிக்காரர் சொல்வதும் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குப் பொருந்தாது. ஊழியர்கள் சொந்தமாக வாங்கும் கருவிக்கான மத்திய வரிக் கழிவு 2018-லிருந்து இல்லை. சொந்தப் பட்டறை வைத்திருப்பவர் கணக்கு வேறு.

எதை வண்டியில் வாங்குவது? பிரேக் குழாய் நட்டுக்கான ஸ்பேனர், இடுக்கில் நுழையும் மெல்லிய தலை ராட்செட் என்று, மலிவுச் சரக்கு நட்டின் மூலையை மழுக்கிவிடும் இடங்களுக்கு நான் இன்னும் வண்டியில்தான் வாங்குகிறேன். சுத்தியல், கடப்பாரை, இம்பாக்ட் சாக்கெட் ஆகியவற்றுக்கு இல்லை. அவற்றைக் கடையில் வாங்கினால் உடைந்த அன்றே மாலையில் போய் மாற்றிக்கொள்ளலாம், யாருடைய செவ்வாய்க்கிழமைக்கும் காத்திருக்க வேண்டாம்.

புதிய வண்டிக்காரர் முதன்முதலாக வரும் நாள் முக்கியமானது. பழையவரின் கணக்கு அவர் கைக்கு மாறியிருந்தால், அவர் பட்டியலைத் திறப்பதற்கு முன் உங்கள் நோட்டைத் திறங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மீதித் தொகையையும், உத்தரவாதத்தில் வெளியே இருக்கும் கருவிகளையும் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்த வாரத் தவணையைக் கொடுங்கள். என்னுடைய 180 டாலர் திரும்பவில்லை. அந்தப் புதியவரோடு அப்படி உட்கார்ந்து எழுதிய தாள் மட்டும் இன்னும் என் டூல் பாக்ஸின் மேல் இழுப்பறையில் ஒட்டியிருக்கிறது. ராட்செட்டுக்குப் பதிலாக அவர் தன் சரக்கிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.