அம்மான் பச்சரிசிப் பூவை லென்ஸில் பார்ப்பது எப்படி?

சென்னையில் செடி பார்க்கப் பழக, காடு மேடு தேடி அலைய வேண்டாம். பிளாட்பாரக் கல் இடுக்கிலும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் தானாக முளைக்கிற அம்மான் பச்சரிசியே போதும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் தோதானவை.

தேவை: பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் (நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது), ஒரு ஊசி, வெள்ளைத் தாள்.

1. முதலில் செடியை உறுதி செய்யுங்கள். செந்நிறத் தண்டில் ரோமம் இருக்கும். இலைகள் எதிரெதிரே இருக்கும். அடிப்பக்கம் ஒரு பாதி சிறுத்துக் கோணலாகத் தெரியும். கிள்ளினால் பால் வரும். குப்பைமேனியும் இதே ஆமணக்குக் குடும்பம்தான், ஆனால் அதில் பால் வராது. பால் பட்ட விரலைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், எரிச்சல் கடுமையாக இருக்கும். கையை உடனே கழுவுங்கள்.

2. இலைக் கக்கத்தில் உருண்டையாக ஒரு கொத்து இருக்கும். அதிலிருந்து ஒரு மணியை ஊசியால் பிரித்துத் தாளில் வையுங்கள்.

3. இனி லென்ஸ். அவசரப்படாதீர்கள், இந்தச் செடியின் அழகே இங்கேதான். சின்னக் கிண்ணம் ஒன்று தெரியும். அதன் விளிம்பில் சுரப்பிகள்; அவற்றை ஒட்டி வெள்ளையோ இளஞ்சிவப்போ ஆன மிக நுண்ணிய ஓரம். இதழ் என்று தோன்றினாலும் அது இதழ் அல்ல. கிண்ணத்தின் நடுவே ஒரே ஒரு பெண்பூ, வெறும் சூலகம் மட்டும். சுற்றிலும் ஆண்பூக்கள், ஒவ்வொன்றும் ஒற்றை மகரந்தத் தாள். ஆக, ஒரு பூ என்று நாம் நினைத்தது ஒரு பூங்கொத்து! 1753இல் இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸே கிண்ணம் முழுவதையும் ஒரு பூவாகத்தான் கணக்கிட்டார்.

4. வெவ்வேறு வயதுக் கிண்ணங்களைப் பாருங்கள். முதலில் பெண்பூ தலைகாட்டும். பிறகு அதன் காம்பு நீண்டு வெளியே சாயும். காயில் மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை.

5. அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் மழைக்குப் பின் தரையோடு படரும், அம்மான் பச்சரிசியின் உறவுச் செடியான யூபோர்பியா செட்டிலோபாவின் படத்தைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். அதே கிண்ண அமைப்பு. ஓரம் மட்டும் கூரிய துண்டுகளாகப் பிளந்திருக்கும். இரண்டும் கரும்பைப் போல நான்கு கார்பன் முறையில் (கடும் வெயிலிலும் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திறம்படப் பிடிக்கும் ஒளிச்சேர்க்கை வகை) உணவு தயாரிப்பவை. பாலை மணலின் கொதிப்பும் நம் சிமெண்டுத் தரையின் சூடும் இவற்றுக்குத் தாங்குவது அதனால்தான்.