ஆமிக்காரர் குடும்பத்தில் விவாகரத்து: புதுக்கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

கணவர் இராணுவத்திலோ கடற்படையிலோ விமானப்படையிலோ இருக்கிறார், இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று ஆகிவிட்டது. உடனே கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து விவாகரத்து வழக்கைப் போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். படையில் இருப்பவரின் வீட்டுக்கு வரும் பல சலுகைகள் "மனைவி" என்ற பதிவுக்காக வருபவை, தீர்ப்பு முடிவான அன்றே அவை நின்றுவிடும். அதனால் முதலில் ஆவணங்களைச் சேருங்கள், பிறகு தாபரிப்புக்கு, அதாவது மாதச் செலவுப் பணத்துக்கு, வழி பாருங்கள், விவாகரத்து அதற்கு அப்புறம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் "முன்னாள் மனைவிக்கு ஓய்வூதியத்தில் பங்கு" என்று வரும். அது அமெரிக்கக் கதை. அங்கே 1982இல் வந்த ஒரு சட்டம் படையினரின் ஓய்வூதியத்தைப் பிரித்துக் கொடுக்க மாநில நீதிமன்றங்களுக்கு இடம் கொடுத்தது. இலங்கையில் அப்படி ஓய்வூதியத்தைப் பாதியாகப் பிரிக்கும் ஏற்பாடு கிடையாது. அதை நம்பிப் பேரம் பேசப் போகாதீர்கள்.

சரி, ஆவணங்கள். அவருடைய சேவை இலக்கம், ரெஜிமென்ட், இப்போது எந்த முகாம், பதிவேட்டில் பெயர் சிங்களத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, இவை இல்லாமல் அழைப்பாணையைச் சரியான ஆளிடம் சேர்ப்பதே பெரும்பாடு. திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிகளின் பிரதி, வங்கிப் புத்தகங்கள், நகை அடகு வைத்த ரசீதுகள், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முக்கியமாகச் சம்பளப் பட்டியல். அதில் கையில் வரும் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது, கழிவுகள் பக்கத்தைப் பாருங்கள், ஏனென்றால் பெரிய கடன் ஒன்றை எடுத்து மாதாமாதம் கழிக்க வைத்துவிட்டு "எனக்குக் கிடைப்பதே இவ்வளவுதான்" என்று நீதிமன்றத்தில் நிற்பது பழைய தந்திரம், அந்தக் கடன் எப்போது எடுக்கப்பட்டது, பணம் எங்கே போனது என்பதை உங்கள் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும். லெபனான், தென் சூடான் என்று ஐநா அமைதிப்படைக்குப் போய் வந்தவர் என்றால் அந்தக் காலத்துக் கொடுப்பனவு எந்தக் கணக்கில் விழுந்தது என்றும் பாருங்கள். பட்டியல் கிடைக்காவிட்டால், சம்பளப் பதிவேட்டோடு அதிகாரியைச் சாட்சியாக அழைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

கொழும்பு நீதிமன்றங்களில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை, அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்ச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து முன்கூட்டியே மாற்றி வைத்தால் ஒரு வழக்குத் தவணை மிச்சமாகும்.

அடுத்தது தாபரிப்பு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம், இதற்கு விவாகரத்து வழக்குத் தேவையே இல்லை. அவர் வவுனியாவிலோ திருகோணமலையிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கலாம், 18 முதல் 25 வயது வரை படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் வழி இருக்கிறது. சட்டம் "வாழ்க்கைத்துணை" என்றுதான் சொல்கிறது, ஆகவே படையில் இருப்பது மனைவி என்றால் கணவரும் கேட்கலாம். அரசாங்கச் சம்பளக்காரரிடம் ஒரு வசதி உண்டு: தொகையைச் சம்பளத்திலிருந்தே கழித்து அனுப்பும்படி கட்டளை கேட்கலாம். கையில் தருகிறேன், வங்கியில் போடுகிறேன் என்ற வாக்குறுதிக்கு இணங்காமல் இதைக் கேளுங்கள்.

முஸ்லிம் சகோதரிகளுக்குப் பாதை வேறு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி தாபரிப்பு, பஸஹ் (மனைவி கேட்கும் விவாகரத்து), மஹர் (மாப்பிள்ளை மணமகளுக்குத் தரும் மணக்கொடை) எல்லாம் காழி நீதிமன்றத்தில்தான். திருமணத்தின்போது மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலியையும் அங்கே திருப்பிக் கேட்கலாம், எழுத்தில் ஆதாரம் இருந்தால் நல்லது.

முகாமுக்குப் போய்ச் சத்தம் போடுவது பற்றி. கட்டளை அதிகாரிக்கு முறைப்பாடு எழுதலாம், சில நேரம் அதிலேயே மாதச் செலவு ஒழுங்காகிவிடும். ஆனால் கோபத்தில் அவருடைய வேலைக்கே வேட்டு வைக்கும் அளவுக்குப் போகாதீர்கள். சிப்பாய் நிலையில் இருப்பவருக்குப் பொதுவாக 22 வருடச் சேவை முடிந்தால்தான் ஓய்வூதியம். அதற்கு முன் அவர் விலக்கப்பட்டால் பிள்ளைகளின் கஞ்சியும் சேர்ந்துதான் போகும். அவர் லீவில் வந்து திரும்பிப் போகாமல் தப்பித் திரிபவர் என்றால் சம்பளமே வராது, கழிக்கவும் ஒன்றும் இருக்காது, அப்போது காணி வீட்டைத்தான் குறி வைக்க வேண்டும். அடி உதை இருக்கிறது என்றால் மேலே சொன்ன வரிசையையெல்லாம் விட்டுவிட்டு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை எடுங்கள், 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவிச் சேவையும் உண்டு.

இப்போது விவாகரத்து. பொதுச் சட்டத்தின் கீழ் பதிந்த திருமணம் என்றால் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களைச் சொல்கிறது: திருமணத்துக்குப் பிந்திய சோரம் (வேறொருவரோடு உறவு), வன்மத்துடன் கைவிடுதல், திருமண நேரத்திலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மைக்குறைவு. படைக் குடும்பங்களில் குழப்பம் வருவது இரண்டாவதில். அவர் ஆறு மாதமாக வீட்டுக்கு வரவில்லை என்பது மட்டும் கைவிடுதல் ஆகாது, கடமைக்குப் போயிருக்கலாம். திருமணத்தை முறிக்கும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும்: லீவு கிடைத்தும் வேறு வீட்டுக்குப் போனது, செலவுப் பணத்தை நிறுத்தியது, தொலைபேசியைத் தடை செய்தது. லீவு எடுத்த திகதிகளைக் குறித்து வையுங்கள். கொடுமை தாங்காமல் நீங்கள் வெளியேறியிருந்தாலும் கைவிட்டவர் அவர்தான் என்று வாதிடலாம், சட்டம் அதை ஏற்கிறது. சோரம் என்று போனால் அந்த மற்ற ஆளையும் பெயர் சொல்லிப் பிரதிவாதியாக்க வேண்டும், அது செலவும் அவமானமும் இழுபறியும். கையில் உறுதியான ஆதாரம் இல்லாவிட்டால் நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

வழக்கை நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். வழக்கு முடியும்வரை இடைக்காலச் செலவுப் படியும், முடியும்போது நிரந்தரப் படியோ மொத்தத் தொகையோ சொத்து மாற்றமோ கேட்கச் சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் 614, 615ஆம் பிரிவுகளில் இடம் உண்டு. நீதிமன்றத்தில் போடும் வழக்கு மனுவிலேயே இவற்றை எழுதிக் கேளுங்கள். "பென்ஷன் எடுத்ததும் தருகிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் அதே கோவையின் 218ஆம் பிரிவு படையினரின் ஓய்வூதியத்தைச் சாதாரணக் கடன் தீர்ப்புக்காகக் கைப்பற்ற விடாது. இன்றைக்கு எழுதக்கூடிய காணி, இன்றைக்கு எண்ணக்கூடிய பணம், இவற்றைக் கேளுங்கள்.

சொத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம் இல்லை. பொதுச் சட்டத்தில் யாருடைய பெயரில் இருக்கிறதோ அது அவருடையது, "கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது, பாதி எனக்கு" என்பது தானாக வராது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள் என்றால் தேடியதேட்டத்தில் (திருமணக் காலத்தில் சேர்த்த சொத்தில்) பாதி உண்டு, சீதனம் உங்களுடையது. ஆனால் இங்கே ஒரு சுழி இருக்கிறது. யாழ்ப்பாணப் பெண் தேசவழமைக்கு உட்படாத ஒருவரை, உதாரணமாகச் சிங்களச் சிப்பாய் ஒருவரை, மணந்தால் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அந்தத் திருமணம் இருக்கும்வரை தேசவழமை அவளுக்குப் பொருந்தாது. வெள்ளவத்தையில் வீட்டை அவர் பெயரில் வாங்கி உங்கள் சம்பளத்தில் கடன் கட்டியிருந்தால், கட்டியதற்கான வங்கித் தாள்களை இன்றே எடுத்து வையுங்கள். படை விடுதி வேறு கதை, அது யாருக்கும் சொந்தமில்லை, பதவியோடு வந்தது பதவியோடு போகும், வாடகை வீட்டைத் தேடித்தான் ஆக வேண்டும்.

பலரும் தவற விடுவது விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். படையினருக்கு இது 1970ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் வருகிறது. விவாகரத்து முடிவானால் நீங்கள் நாளைக்கு அவருடைய விதவை அல்ல, அவர் மறுமணம் செய்தால் அந்த இடம் புதிய மனைவிக்கு. பிள்ளைகளின் உரிமை போகாது, அவர்களின் பிறப்புப் பதிவு அவருடைய படைக் கோப்பில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும், முதலில் நைசை (தற்காலிகத் தீர்ப்பு), குறைந்தது மூன்று மாதம் கழித்து அப்சலூட் (முடிவான தீர்ப்பு). அதுவரை நீங்கள் சட்டப்படி மனைவிதான். நோயாளியான அல்லது 20 வருடச் சேவை தாண்டிய கணவரிடமிருந்து அவசரமாகப் பிரிகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும், மறுமணம் செய்யும் எண்ணம் இல்லை என்றால் தாபரிப்போடு தனியாக வாழ்ந்துகொண்டு வழக்கைப் போடாமலே விடுவதும் ஒரு வழிதான், ஊர் என்ன சொல்லும் என்பது வேறு விஷயம்.

பிள்ளைகளைப் பார்க்கும் ஒழுங்கைக் கேட்கும்போது "மாதத்தில் இரண்டாவது ஞாயிறு" என்று எழுதினால் அவருக்கு அன்றைக்கு லீவு இராது, பிறகு இருபக்கமும் சண்டை. லீவு உறுதியானதும் இத்தனை நாள் முன்னதாக அறிவித்து இத்தனை நாள் என்று எழுதச் சொல்லுங்கள்.

வசதி குறைந்தவர்கள் புதுக்கடையிலேயே இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், வருமான விவரத்தையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கொண்டு போங்கள். அப்சலூட் கிடைத்ததும் அதன் உறுதிப்படுத்திய பிரதிகளைச் சிலவாக எடுத்துவிட்டு, நீங்கள் வேலை பார்ப்பவர் என்றால் உங்கள் ஊழியர் சேமலாப நிதியிலும் காப்புறுதியிலும் வங்கிக் கணக்கிலும் பின்னுரித்தாளியாக இன்னும் அவர் பெயர்தான் கிடக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.