முதுகில் டிஸ்க் அறுவை சிகிச்சை: வலி போன பிறகு செய்யும் தவறுகள்

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியதற்காகச் செய்யப்படும் அறுவை சிகிச்சையில் ஒரு வினோதம் உண்டு. மாதக்கணக்கில் இடுப்பிலிருந்து பாதம்வரை இழுத்த வலி, பலருக்கு மயக்கம் தெளியும்போதே குறைந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மருத்துவர் எடுத்தது நரம்பை அழுத்திய துண்டை மட்டுமே. அது வெளிவந்த கிழிசல் டிஸ்கின் உறையில் அப்படியே இருக்கிறது; தழும்பாகி இறுகப் பல வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அதற்குள் அவசரப்பட்டால் உள்ளே மிச்சமிருப்பது அதே வழியில் மீண்டும் பிதுங்கலாம்.

அதனால்தான் முதல் சில வாரங்களுக்குக் குனியாதே, பாரம் தூக்காதே, இடுப்பைத் திருகாதே என்கிறார்கள். ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள எரிவாயு சிலிண்டரையோ 20 லிட்டர் தண்ணீர் கேனையோ யாரும் சொல்லாமலே தொடமாட்டீர்கள். ஏமாற்றுவது சின்ன வேலைகள்தான்: ஈரத்துணி வாளியை நகர்த்துவது, குனிந்து கோலம் போடுவது, ஓடிவரும் பேரனை அள்ளித் தூக்குவது.

இதற்கு நேர் எதிரான தவறு, பாசத்தில் வீட்டார் செய்வது. 'அசையாமல் படுத்திரு' என்று கட்டிலோடு கட்டிப்போட்டால் தசை தளரும், காலில் ரத்தம் உறையும் அபாயமும் கூடும். அறுவை சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ பெரும்பாலானோரை நடக்கவைத்துவிடுகிறார்கள். வீட்டிலும் அதைத் தொடர வேண்டும், ஒரே நடையாக அல்லாமல் சிறிது சிறிதாக, நாளில் பல முறை. எழும்போது ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். தொலைக்காட்சி முன் கூன்போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஓய்வாகாது. டிஸ்குக்கு நடப்பதைவிட அதுதான் சுமை.

யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் மலச்சிக்கல். வீரியமான வலி மாத்திரைகள் குடலை மந்தமாக்கும். முக்கினால் முதுகு வலிக்கும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறையைச் சில வாரங்களுக்குத் தவிர்ப்பது நல்லது.

ஆறாத காயத்தின்மேல் எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் இருப்பார். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

பாதத்தில் மரமரப்பு தொடர்ந்தால் அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். வலி முதலில் போகும். உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகலாம். ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைத்தவர்களுக்குக் கணக்கு இன்னும் நீளம். எலும்பு சேர மூன்று முதல் ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். அந்தக் காலத்தில் புகைபிடிப்பது எலும்பு சேர்வதையே கெடுக்கும். இரு சக்கர வாகனத்தை எப்போது எடுக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். நம் ஊர்ச் சாலைப் பள்ளங்கள் அவருக்கும் தெரியும்.

சிறுநீர் வராமல் அடைத்தல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், ஆசனவாயைச் சுற்றி உணர்வற்றுப்போதல், காலில் புதிதாகப் பலவீனம், காய்ச்சலோடு காயத்தில் சீழ், காயத்திலிருந்து தண்ணீர்போல் கசிவு, உட்கார்ந்தால் கடுமையாகும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.