ஸ்கிரீன் வீடியோவா? முழுத்திரை வேண்டாம்

சக ஊழியருக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுப்பும்போது முழுத்திரையையும் எடுக்காமல், காட்ட வேண்டிய பகுதியை மட்டும் எடுங்கள். விண்டோஸ் 11-ல் ஸ்னிப்பிங் டூலைத் திறந்து வீடியோ கேமரா படம் போட்ட பட்டனை அழுத்தி, பிறகு 'நியூ' (New) கொடுத்தால், வேண்டிய இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுக்கொள்ளலாம். மேக்கில் கமாண்ட், ஷிப்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியில் 'ரெக்கார்ட் செலக்டட் போர்ஷன்' (Record Selected Portion) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேசியும் விளக்கப் போகிறீர்கள் என்றால் அங்கேயே ஆப்ஷன்ஸில் மைக்கைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பாதிப் பேர் மறப்பது இதைத்தான்.

பெங்களூரில் பலர் இந்த வீடியோக்களைப் பார்ப்பது மெஜஸ்டிக்குக்கும் வொயிட்ஃபீல்டுக்கும் நடுவே, பர்ப்பிள் லைன் மெட்ரோவில், போனில். அகலமான மானிட்டரை அந்தச் சின்னத் திரைக்குள் அடக்கினால் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். சிறு பகுதி என்றால் எழுத்து பெரிதாகத் தெரியும், ஃபைலும் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். ஓரத்தில் எட்டிப்பார்க்கும் வாட்ஸ்அப் செய்தியும் பதிவாகாது. (வீட்டு ஓனர் வாடகை கேட்பது டீமுக்கு எதற்கு?)

இரண்டு மூன்று விண்டோக்களுக்கு மாறி மாறிப் போகும் வேலை என்றால் இது சரிப்படாது. அப்போது முழுத்திரைதான். நோட்டிஃபிகேஷனை மட்டும் முதலில் அணைத்துவிடுங்கள்.