இதய சிகிச்சை எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கிறதா? சென்னையில் கணக்கெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் இதய சிகிச்சைக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உடனே ஒரு பட்டியல் சொல்வார்கள்: சென்ட்ரல் எதிரே ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார், 2023ல் திறந்த கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை, அதற்கு மேல் தனியார். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் கட்டடங்களை எண்ணினால், சிகிச்சை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது தெரியாது. வார்டு அளவில் இதை ஆராயும் மாணவர்களும் தன்னார்வலர்களும் முதலில் இடறுவது இங்கேதான்.

இதைவிடப் பெரிய தவறு, வந்தவர்களின் எண்ணிக்கையைத் தேவையின் அளவாக எடுத்துக்கொள்வது. ஒரு பகுதியில் ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்துகொண்டவர்கள் குறைவு என்றால் அங்கே நோய் குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். நோய் இருந்தும் வராமல் போயிருக்கலாமே! நெஞ்சு வலியோடு வீட்டிலேயே இறந்தவர் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் தேவையைத் தனியாகக் கணக்கிட வேண்டும்: அந்தப் பகுதியில் சுகர், பிரஷர் உள்ளவர்கள் எத்தனை பேர், புகைப்பவர்கள் எத்தனை பேர், முதியவர்கள் எத்தனை பேர், இதய நோயால் நேர்ந்த இறப்புகள் எத்தனை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை பெறுகிறவர்களின் எண்ணிக்கை இதற்கு நல்ல தொடக்கம். வயது வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் இரண்டு பகுதிகளை ஒப்பிடவே கூடாது.

முகவரியில் ஒளிந்திருக்கும் பிழை பலர் கண்ணில் படுவதில்லை. நகரத்துக்குள்ளிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களில் சிலரிடம் இன்னும் பழைய முகவரி அட்டைதான் இருக்கும். அட்டையைப் பார்த்துப் பிரித்தால், பெரும்பாக்கத்திலிருந்து வந்தவருக்குக் கிடைத்த சிகிச்சை நடு நகரத்தின் கணக்கில் ஏறிவிடும். பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். மாநகராட்சியின் 200 வார்டுகளோடு ஆய்வை நிறுத்தினால், நகரம் தானே வெளியே அனுப்பிய மக்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விடுபடல். ஜி.எச். எண்ணிக்கையை அப்படியே சென்னையின் எண்ணிக்கையாகக் காட்டுவதும் தவறு. அங்கே மாநிலம் முழுவதிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறார்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். ரத்தக்குழாய் முழுதாக அடைத்த மாரடைப்பில், ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த குழாயைப் பலூன் கொண்டு திறக்கும் சிகிச்சை) வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்த 90 நிமிடங்களுக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். 120 நிமிடங்களுக்குள் அது முடியாது என்று தெரிந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். எனவே வலி தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். வீட்டில் தயங்கிய நேரம் எவ்வளவு, வண்டிக்குக் காத்திருந்தது எவ்வளவு, “வெறும் வாயுதான்” என்று ஈசிஜி எடுக்காமல் திருப்பி அனுப்பிய கிளினிக்கில் போனது எவ்வளவு, ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கேத் லேப் இரவிலும் இயங்கியதா என்று பிரித்துக் கேளுங்கள். 2023ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கு முதலுதவியாகக் கொடுக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. மாத்திரை இருப்பில் இருக்கிறதா என்பதோடு, வலியோடு வந்தவருக்குக் கொடுத்தார்களா என்றும் பார்க்க வேண்டும்.

பெண்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். மூச்சு வாங்குவது, முதுகு வலி, தாடை வலி, அசதி என்று வரும் பெண்ணுக்கு இதயம் என்ற சந்தேகமே தாமதமாகத்தான் எழுகிறது. ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்களில் பெண்கள் குறைவு என்பதோடு நிறுத்தாமல், முதல் ஈசிஜி எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சை கிடைத்துவிட்டது என்று கொள்வதும் கூடாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அதைச் சற்றே தாண்டிய ஆட்டோ ஓட்டுநரும், தமிழ்நாட்டு ரேஷன் அட்டை இல்லாத கட்டடத் தொழிலாளியும் எங்கே போனார்கள் என்று தேடுங்கள். கூட இருப்பவரின் நாள் கூலி எந்த அட்டையிலும் அடங்காது.

ஸ்டென்ட் வைத்ததோடு கணக்கை மூடிவிடாதீர்கள். மாரடைப்புக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளை வழக்கமாக ஓராண்டு எடுக்க வேண்டும்; ஆறாம் மாதம் யார் இன்னும் எடுக்கிறார்கள், யார் நிறுத்தினார்கள், ஏன் என்பதைப் பகுதிவாரியாகக் கேளுங்கள். ஒரு வார்டில் ஓராண்டுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை சிறியதாகவே இருக்கும், ஒன்றிரண்டு பேர் கூடினாலும் சதவீதம் தாறுமாறாக மாறும். சில ஆண்டுகளைச் சேர்த்தோ மண்டல அளவிலோ பார்த்த பிறகே முடிவை எழுதுங்கள்.